நாத்தனார் பார்த்த வைத்தியம்

வெயிலில் நின்று நிலம் அளப்பது அவள் வேலை. எல்லாரும் சர்வேயரம்மா என்பார்கள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவள் கன்னங்களில் மங்கு கருந்திட்டாகப் படர்ந்தது. "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக் கேட்டே ஊரார் அவளை நோயாளி ஆக்கினார்கள்.

தோல் மருத்துவமனையில் லேசர் போடுகிற நாத்தனார்தான் வழி சொன்னாள்.

"நான் இருக்கும்போது என்ன கவலை அண்ணி? டாக்டர்கிட்ட சொல்லி நானே போட்டு விடறேன்."

நாத்தனாருக்கும் அதே மாநிறம், அதே மங்கு. நம் கஷ்டம் தெரிந்தவள் என்று சர்வேயரம்மா நம்பிப் போனாள்.

முதல் தடவை எறும்பு கடித்தது போலச் சுருக்கென்றது, அவ்வளவுதான். மூன்றாம் தடவை சூடு போட்டது போல எரிந்தது. கண்ணை மூடியிருந்த கவசத்துக்கு அடியிலிருந்து கண்ணீர் காதுவரை ஓடியது.

"கொஞ்சம் குறைச்சு வையேன்."

"பொறுத்துக்கோங்க அண்ணி. வலிச்சாத்தான் கேட்கும்."

ஒரே வாரத்தில் இடது கன்னம் கன்றிக் கறுத்தது. "முதல்ல கறுக்கும், அப்புறம் தானா உதிரும்" என்றாள் நாத்தனார். இரண்டு மாதமாகியும் உதிரவில்லை.

ஒரு மத்தியானம் சர்வேயரம்மா சொல்லாமல் கொள்ளாமல் மருத்துவமனைக்குப் போனாள். லேசர் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்தது நாத்தனார். கூட வேலை செய்கிற பெண் கருவியோடு நின்றாள்.

"எவ்வளவு வைக்கட்டும்?"

"போன தடவை மாதிரி பாதி போதும். அண்ணிக்கு முழுசா வெச்சுப் பார்த்தேன், பொசுங்கிடுச்சு. அவங்க நிறமும் என் நிறமும் ஒண்ணுதானே."

சர்வேயரம்மா கதவைத் தள்ளினாள். நாத்தனார் துள்ளி எழுந்தாள். அவள் கன்னத்தில் மங்கு பெரும்பாலும் மறைந்திருந்தது.

"அண்ணி, புது மெஷின்... எனக்கும் அளவு பிடிபடல..."

"அப்ப முதல்ல உன் மூஞ்சில வெச்சுப் பார்த்திருக்கலாமே?"

நாத்தனார் தன் கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

வீட்டில் சர்வேயரம்மா கணவனிடம் சொன்னாள்.

"வேணும்னா செஞ்சிருப்பா? விடு. வெளியில தெரிஞ்சா அவ வேலைக்கு உலை."

"என் மூஞ்சி போனது பெருசில்லையா?"

"எங்க போச்சு? அங்கதானே இருக்கு" என்று அவன் சிரிக்கப் பார்த்தான். கட்டினவனும் அந்தப் பக்கம்தான் என்று அவளுக்கு விளங்கியது.

மறுநாள் காலையில் நேராக டாக்டரைப் போய்ப் பார்த்தாள். அவருக்கு எதுவுமே தெரியாது. பதிவேட்டில் அவள் பெயர்கூட இல்லை. கன்னத்தை விளக்கில் பார்த்துவிட்டு, "ஒரு வருஷம் மருந்து போடணும்மா. முழுசா போகும்னு உறுதி சொல்ல மாட்டேன்" என்றார். அன்றே நாத்தனாரை லேசர் அறையிலிருந்து எடுத்து, வரவேற்பு மேசையில் டோக்கன் கொடுக்க வைத்தார்.

சாயங்காலம் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று எடுத்தாள்.

"என் பொழைப்பைக் கெடுத்துட்டீங்களே அண்ணி! கூடப் பிறந்தவளா இருந்தா இப்படிச் செய்வீங்களா?"

"கூடப் பிறந்தவன்னு நினைச்சுத்தாண்டி கண்ணை மூடிப் படுத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் சர்வேயரம்மா.