லாசர் துப்பாக்கியும் அந்தோணியார் எண்ணெயும்

1

“ஏனுங்க, எப்பப் பார்த்தாலும் கல்யாணக் கதையாவே எழுதறீங்களே, ஒரு துப்பாக்கிக் கதை எழுதக்கூடாதுங்களா?” திருச்செங்கோட்டில் பேருந்து ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த ஞானமேரி கேட்டார்.

“துப்பாக்கியில குடும்பம் எங்கம்மா இருக்கு?”

“எங்க ஊட்டுக் குடும்பமே அதுலதானுங்க இருந்துச்சு.”

இந்தக் கதை அங்கே பிறந்தது. ஈரோடு வருவதற்குள் அவர் சொல்லி முடித்துவிட்டார். எனக்குத்தான் தொடங்கவே வரவில்லை. கிழித்துப் போட்டதில் ஒன்று: ‘அன்று சேலத்து வானம் வெடிமருந்தின் நிறத்தில்—’ வேண்டாம். வானம் எப்போதும்போலத்தான் இருந்தது.

2

1963. எல்லைப் போர் முடிந்த மறு வருஷம். படை அதிகாரிகளின் பழைய சுழல் துப்பாக்கிக்குப் பதிலாகப் புதியது தேடினார்கள். (இது என் கதையின் அரசாங்கம், சரித்திரத்தில் தேடாதீர்கள்.) சேலத்தில் சுவாமிநாதன் பட்டறைக்கு ஒரு மாதிரி செய்துகாட்ட அனுமதி கிடைத்தது. வரைந்ததும் கடைந்ததும் லாசர், ஞானமேரியின் கணவன். சுட்ட அதிர்ச்சியிலேயே மேலிருக்கும் ஸ்லைடு, அதாவது சறுக்கும் மேல்மூடி, பின்னால் போய்க் காலித் தோட்டாவை வெளியே தள்ளும். ஸ்பிரிங் அதை முன்னால் கொண்டுவரும்போது அடுத்த தோட்டா குழலில் ஏறும். விரலுக்கு விசையை அழுத்துகிற வேலை மட்டும்.*

துப்பாக்கி தேர்வானால் லாசர் வடக்கே அரசுத் தொழிற்சாலைக்குப் போகவேண்டும். ஞானமேரி தாய்வீட்டில் இருக்கட்டும், போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தான். எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை. அவளுக்குக் கேட்க ஒன்று இருந்தது.

* கல்லூரியில் இயற்பியல் படித்தவள்தான் நான். ஆனாலும் இந்த நாலு வரிக்கு இரண்டு பேரிடம் கேட்கவேண்டியிருந்தது.

3

செய்தவனே முதலில் சுடவேண்டும் என்பது பட்டறை வழக்கம். முதல் மாதிரியின் ஸ்லைடு பின்னால் வந்து லாசரின் கட்டைவிரல் சதையைக் கிழித்திருந்தது. அதனால் அதிகாரிகள் முன்னால் சுட்டுக்காட்டும் பரீட்சைக்கு முந்தின நாள் சோறு கொண்டுபோன ஞானமேரி, அவன் கை கழுவப் போன நேரத்தில், புது மாதிரியின் ஸ்லைடு இடுக்கில் எண்ணெய் விட்டாள். கோயிலில் அந்தோணியார் சுரூபத்தின்முன் எரிந்த விளக்கிலிருந்து எடுத்த தேங்காயெண்ணெய். நோவுக்குத் தடவுவது, பிள்ளைகளின் நெற்றியில் இடுவது. இரும்பை மட்டும் கைவிடுமா?

மறுநாள் விடியலில் அதிகாரிகள் துப்பாக்கியை ஏற்காட்டுக்கு ஏற்றினார்கள். குளிரில் சுட்டுப் பார்க்கவேண்டுமாம்.

முதல் தோட்டா போயிற்று. ஸ்லைடு பாதியில் நின்றது. காலித் தோட்டா வாயிலேயே சிக்க, அடுத்தது அதன்கீழ் முட்டிக்கொண்டு நின்றது. எல்லாரையும் பின்னால் போகச் சொன்னார்கள். லாசர் மட்டும் குழலை மண்ணுக்குத் தாழ்த்தி, தழும்பு விரலால் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தான்.

[இங்கே வெடித்தது என்று ஒரு பிரதியில் எழுதி ஞானமேரிக்கு அனுப்பினேன். “அவரு விரலு பத்தும் நல்லாத்தானே இருந்துச்சு, நீங்க ஏன் சாமி அறுக்கறீங்க?” என்றார். எடுத்துவிட்டேன்.]

இரண்டு தோட்டாவும் கீழே விழுந்தன. உள்ளே வெண்ணெய்போல ஏதோ உறைந்திருந்தது. லாசர் தொட்டு முகர்ந்தான். திரி கருகிய வாசனை. மறுநாள் இன்னொரு வாய்ப்பு, அதுவே கடைசி என்றார்கள்.

4

எனக்கு இவள்மேல் சந்தேகம் வந்தது இங்கேதான். தேங்காயெண்ணெய் குளிரில் உறையும் என்று எந்தத் தமிழ்ப் பெண்ணுக்குத் தெரியாது? துப்பாக்கி மலைக்குப் போவது முன்பே தெரியுமா என்று பேருந்தில் கேட்டேன். ஞானமேரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியானால் அவள் வேண்டுமென்றே—

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு உரிமையில்லை.

5

அன்று சாயங்காலம் லாசர் சட்டைகூடக் கழற்றாமல் மாடத்திலிருந்த எண்ணெய்ப் புட்டியை எடுத்து அவள்முன் வைத்தான். துப்பாக்கியைத் துடைத்துவிட்டதாகவும், நாளைக்கு ஸ்லைடு நிற்காது என்றும் சொன்னான். பிறகு குரல் இறங்கிற்று.

“நான் போவக்கூடாதுன்னு ஊத்துனியா புள்ள?”

“உங்க கைக்குன்னு ஊத்துனேன்.”

“அவ்வளவுதானா?”

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. அவள் எழவில்லை.

இதற்குமேல் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவன் சிரிக்கிறான். ஒன்றில் வெளியே போய்விடுகிறான். மூன்றாவது என் வாசகிகளுக்குப் பிடிக்கக்கூடியது, அதனாலேயே அதை நம்பவில்லை. லாசர் என்ன பதில் சொன்னான் என்பதை உங்களிடமே விடுகிறேன். அவள் கேட்டதை மட்டும் மாற்றாமல் எழுதுகிறேன்.

“நாளைக்கு நல்லாச் சுடுங்க. அவிங்க ஒத்துக்கிட்டா, என்னையுங் கூட்டிக்கிட்டுப் போங்க.”