ஊசி போடும் நாள்

மாதம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், தவறினால் மறுபடி வார்டுதான் என்ற நிபந்தனையோடு மனநல மருத்துவமனை என்னைச் சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. இன்று ஊசி நாள். இன்றைக்கே தங்கை கவிப்ரியாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அம்மா என்னை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

வாசலில், ஊசி போட வீட்டுக்கு வரும் நர்ஸ் என்னைக் கேட்கும் குரல் வந்தது. "சாமுண்டீஸ்வரி இருக்காங்களா?"

"அவ ஊருக்குப் போயிருக்கா, சிஸ்டர்," என்றாள் அம்மா.

"அப்ப நான் டாக்டர்கிட்ட ரிப்போர்ட் பண்ணணும்மா."

வார்டில் என் கையைக் கட்டிய பட்டை நினைவுக்கு வந்தது. கதவைத் திறந்து, பஜ்ஜித் தட்டோடு உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி ஓடினேன்.

"சிஸ்டர், நான் இங்கதான் இருக்கேன். போட்டுட்டுப் போங்க."

வாசலிலேயே ஊசி ஏறியது. உள்ளே மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கவிப்ரியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.