நடுத்துண்டு

"நடுத்துண்டு எனக்கு வைம்மா."

கன்னியம்மாளின் கையில் மீன்குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. ஆம்பளைங்க துன்னு எழுந்தப்புறம்தான் பொம்பளை துன்னணும், இன்னது வேணும்னு வாயைத் திறந்து கேக்கக்கூடாது என்று மகள் தாட்சாயணிக்குப் பால்பல் விழும் முன்பே சொல்லிவைத்தவள் அவள். இன்றைக்கு அந்த மகள் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பி.எஸ்ஸி. படிச்சது மீனு துன்னத்தானா?" அண்ணன் எத்திராஜ் சிரித்தான். "சித்தூர் மீன் பண்ணைல இவள வேலைக்கு வெச்சா, குட்டையே காலியாப்பூடும்."

"போனாத்தான?" அப்பா நாகபூஷணம் தட்டிலிருந்து நிமிரவில்லை. "அந்த வேலைக்குப் போவ வேணாம்னு சொல்லிட்டேன். அதோட உடு."

சொந்த ஊரான நகரியை மதராஸ் ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி ஊர் ஊராகக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டவர். திருத்தணி போய்ச் சேர்ந்தது, நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. 'கேக்காம எவன் குடுப்பான்?' என்று கூட்டத்தில் அவர் முழங்கியபோது தாட்சாயணியும் கைதட்டியிருக்கிறாள்.

"கேக்கணும்னு நீதான நைனா சொன்ன?"

"அது ஊருக்கு."

துண்டு அவள் தட்டில் விழுந்தது. அதை எடுத்து அம்மாவின் காலித் தட்டில் வைத்தாள்.

"பசிக்கலம்மே," என்று கன்னியம்மாள் தட்டோடு சமையற்கட்டுக்குள் போய்விட்டாள்.

அந்தச் சொல்தான் தாட்சாயணிக்கு ஆகாது. திருப்பதியில் படிக்கும்போது, கல்லூரித் தொட்டியில் கெண்டைகளுக்கு ஒருநாள் இரை போட்டுச் சில நாள் போடாமல் விட்டுப் பார்த்தாள். முதலில் அலைந்து தேடின. அப்புறம் உடம்பில் இருப்பதைச் செலவழிக்காமல் அடியில் அசையாமல் கிடந்தன, பசியே இல்லாத மாதிரி. இரை விழுந்ததும் பாய்ந்து வந்து மண்ணோடு சேர்த்து விழுங்கின. பிறகு தினமும் வேளைக்குப் போட்டும் அந்தப் பாய்ச்சல் அடங்க வெகுநாள் ஆயிற்று. நாளைக்கும் கிடைக்கும் என்று அதுகள் நம்பவில்லை. விடுதியில் அவளும் அப்படித்தான் சோற்றை விழுங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருத்தியாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அந்த வருடம் முழுக்கத் தனியாகவே தின்றாள்.

கை கழுவினாள். காலையிலேயே கட்டிவைத்த பெட்டி கதவுக்குப் பின்னால் இருந்தது. சொல்லிக்கொண்டு போகச் சமையற்கட்டுக்குள் எட்டிப்பார்த்தாள்.

அம்மா சுவரைப் பார்த்து நின்றபடி நடுத்துண்டைத் தின்றுகொண்டிருந்தாள். முள்கூட எடுக்காத அவசரம்.

"அம்மா."

கை முந்தானைக்குள் மறைந்தது. திரும்பிய முகத்தில் ஒரு கன்னம் உப்பியிருந்தது. வாய் அசையவில்லை.

"முள்ளு பாத்துத் துன்னும்மா."

பெட்டியை எடுத்துக்கொண்டு தாட்சாயணி சித்தூர் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தாள்.