இடது கை தூக்கியவர்கள்

ஆகஸ்டு மாதக் கடைசியில் ஆசிரியர் அறைக் கதவில் பாடவேளைப் பட்டியலை ஒட்டினார்கள். இருபத்திரண்டு வருடமாக அதில் சினாராவின் பெயர் மேலிருந்து மூன்றாவது வரியில் இருக்கும். பக்கத்தில் வாரத்துக்கு இருபத்தேழு மணி என்று போட்டிருக்கும். இந்த முறை தன் பெயரைக் கண்டுபிடிக்கவே அவளுக்கு நேரமாயிற்று. கடைசிக்கு முந்தைய வரி, தையல் ஆசிரியைக்கும் கீழே. ஆறு மணி, அதுவும் ஐந்தாம் வகுப்புக்கு மட்டும். ஆறிலிருந்து ஒன்பது வரைக்குமான கணக்குப் பாடத்துக்கு நேரே மனிதப் பெயரே இல்லை. 'மின்னாசிரியர்' என்று இருந்தது.

பட்டியல் போடுவது துணைத் தலைமையாசிரியையின் வேலை. துணைத் தலைமையாசிரியை உல்ஜான். அந்த உல்ஜான் முந்தின நாள் சாயங்காலம்தான் சினாரா வீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நான்கு கிண்ணம் பால் தேநீர் குடித்து, எண்ணெயில் பொரித்த போர்சோக்கை ஒரு தட்டு நிறைய ஜாமில் தோய்த்துத் தின்றுவிட்டு, மிச்சத்தையும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போனாள். அப்போதே பட்டியல் அவள் கைப்பைக்குள் இருந்திருக்கிறது. அந்தப் பையை வாங்கி ஆணியில் மாட்டியதே சினாராதான். ஆறு மணியைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தப் பையைத்தான் பொறுக்க முடியவில்லை.

இருவரும் ஒரே வருடம் தலைநகர் பிஷ்கெக்கில் ஆசிரியப் படிப்பு படித்தவர்கள். விடுதியில் ஒரே அறை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு குளிர்கோட்டு. காலை வகுப்புக்கு உல்ஜான் போட்டுக்கொண்டு போவாள், ஓடி வந்து கழற்றிக் கொடுப்பாள், அந்தச் சூடு ஆறுவதற்குள் சினாரா மதிய வகுப்புக்குப் போவாள். அப்படிப்பட்ட சிநேகிதம். கூடப் பிறந்தவளிடம் சொல்லாததைக்கூட அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

சினாரா நேராக அவள் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

"ஏன்டி, நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

உல்ஜான் தலையை நிமிர்த்தவில்லை. "எப்படிச் சொல்றது? நீ அழுவ. நீ அழுதா நானும் அழுவேன். அப்புறம் போர்சோக்கை யாரு தின்றது?"

"வெளையாடாத. யாரு அந்த மின்னாசிரியர்?"

"நீதான்."

சினாராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உல்ஜான் பேனாவை மூடி வைத்தாள்.

"போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் உன் பாடத்தைப் படம் புடிச்சாங்கல்ல? முப்பது பாடம்? அதைப் பாத்துப் பாத்துத்தான் அந்த இயந்திரம் கத்துக்கிச்சு. உன் குரல், உன் கணக்கு, உன் 'தங்கங்களா' எல்லாம் அதுக்கு அத்துப்படி. நீ ஒருத்தியா இங்க கத்திக்கிட்டு இருந்தது, இப்ப தலாஸ் மாநிலத்துல எழுபது பள்ளிக்கூடத்துல கேக்கப்போகுது. பெருமைப்படுவியா, அத விட்டுட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கிற."

"சேமிப்புக்குன்னு சொன்னியேடி. சம்பளம் ஏத்தற என் தரச் சான்றுக்கு உதவும்னு சொன்னியே."

"நீ கையெழுத்துப் போட்ட காகிதத்துல எழுதித்தான் இருந்துச்சு. நீ படிக்கல."

உண்மைதான். அவள் படிக்கவில்லை. உல்ஜான் நீட்டிய காகிதத்தை அவள் என்றைக்குப் படித்திருக்கிறாள்? கோட்டைக் கழற்றிக் கொடுப்பவளிடம் யாராவது ரசீது கேட்பார்களா?

படம் பிடித்த அந்த முப்பதும் திறந்த பாடங்கள். திறந்த பாடம் என்றால் அதிகாரிகளும் மற்ற ஆசிரியர்களும் பின்வரிசையில் வந்து உட்கார்ந்து பார்க்கும் பாடம். அதைத் திறந்த மனதோடு நடத்தியவர் யாரும் அந்த நாட்டில் இல்லை. மூன்று நாள் ஒத்திகை உண்டு. கேள்வியும் தயார், பதிலும் தயார், தவறான பதில் சொல்லித் திருத்தப்படப்போகிற பிள்ளைகூடத் தயார். அத்தோடு தலைமுறை தலைமுறையாக வரும் ஓர் ஏற்பாடு: கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. ஆசிரியை வலது கைகளாகப் பார்த்துக் கூப்பிடுவாள். விருந்தாளிகளுக்குக் கண் நிறைய கைகள் தெரியும்.

சினாராவும் இந்தப் பித்தலாட்டத்தைச் செய்தவள்தான். ஆனால் அவள் கையில் அது வேறொன்றாகவும் ஆகிவிட்டது. விருந்தாளி இல்லாத நாட்களிலும் அவள் வகுப்பில் இடது கை உண்டு. மற்ற பிள்ளைகள் எது எந்தக் கை என்று திரும்பிப் பார்க்கமாட்டார்கள், எல்லோர் கையும்தானே மேலே இருக்கிறது. அவள் மட்டும் இடது கைகளை மனதுக்குள் குறித்துக்கொள்வாள். மறுநாள் பள்ளி விட்டதும் அந்தப் பிள்ளைகளைக் கணப்படுப்பின் பக்கம் உட்காரவைத்து, ரொட்டியும் தேநீரும் கொடுத்து, அதே பாடத்தை முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பாள். அவளுடைய உண்மையான வகுப்பே அதுதான். படம் பிடித்தவர்கள் நாற்பத்தைந்தாவது நிமிடம் கேமராவை மூடி வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாளை யாரும் படம் பிடிக்கவில்லை.

பெகாயிம் என்றொரு பெண். ஆறாம் வகுப்பின் நடுவில் மேட்டு மேய்ச்சல் ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள். முதல் நாளே கரும்பலகைக்கு முன்னால் நின்று விழித்து, வகுப்பே சிரித்து, இரண்டு நாள் பள்ளிக்கு வராமல் போனவள். அவள் வீட்டுக்கே போய் சினாரா சொன்னாள்: "உனக்குப் புரியலன்னா இடது கையைத் தூக்கு. எனக்கும் உனக்கும் மட்டுந்தான் தெரியும். செத்தாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." அதற்குப் பிறகு அந்தப் பெண் ஒரு நாளும் பள்ளிக்கு வராமல் இருந்ததில்லை. இடது கை தூக்கித் தூக்கியே பின்னங்களை முடித்துவிட்டாள். இப்போது ஏழாம் வகுப்பு.

செப்டம்பரில் பீன்ஸ் அறுவடை. தலாஸில் அந்த மாதம் பாதிப் பிள்ளைகள் வயலில்தான் இருப்பார்கள், எந்த ஆசிரியரும் பெரிய பாடத்தைத் தொடமாட்டார். மின்னாசிரியருக்கு பீன்ஸ் தெரியாது. வந்த பதினைந்து பேரை வைத்துக்கொண்டு அது பாதிப் புத்தகத்தை முடித்துவிட்டது. அக்டோபரில் எல்லோரும் திரும்பி வந்தபோது ஏழாம் வகுப்புச் சுவரில் ஒரு பெரிய திரை, அதன் மேல் ஒரு கேமரா. காவலுக்கு ஒரு பெண், அவள் நாள் முழுக்கக் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். திரை சினாராவின் குரலில் பாடம் நடத்தியது. முடிவில் கேட்டது: "புரிஞ்சவங்க கை தூக்குங்க, என் தங்கங்களா!" பிள்ளைகள் பழகியபடியே தூக்கினார்கள், முப்பத்தோரு கைகள். "அருமை! எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு!" என்று அது அடுத்த பாடத்துக்குப் போயிற்று.

இப்படியே போனால் என்ன ஆகும்? நவம்பருக்குள் வகுப்பு மார்ச் மாதப் பாடத்துக்கு வந்துவிட்டது. அறிக்கையில் நூற்றுக்கு நூறு. மாவட்டப் பத்திரிகையில் உல்ஜானின் படம் வந்தது, புது முத்துமாலையோடு.

ஒரு நாள் பெகாயிம் ஐந்தாம் வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"எஜே," என்றாள். மூத்த பெண்களையும் ஆசிரியைகளையும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அது நாம கை தூக்குனா சந்தோசப்படுது, அவ்ளோதான். மறுநாள் கூப்புடவே மாட்டேங்குது. நான் ரெண்டு மாசமா இடது கைதான் தூக்குறேன்."

"வேற யாரெல்லாம்?"

பெகாயிம் விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டாள். "வலது கை யாருன்னு சொல்லட்டா? அதான் ஈசி."

சினாராவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் மறுபடியும் உல்ஜானிடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். உல்ஜான் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"தெரியுமா?"

"நானும் அதே வாத்தியாரம்மாதானேடி. மொத நாளே பாத்தேன், எல்லாம் இடது கை. யார்கிட்ட போய்ச் சொல்றது? நீ சொன்னா, உன் முப்பது பாடமும் பொய்யின்னு ஆயிடும். உன் தரச் சான்றும் போயிடும், இருக்கற ஆறு மணியும் போயிடும். என்னையும் தூக்கிடுவாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வர்ற வெள்ளிக்கிழமை நம்மளப் பரிசோதிக்கக் கமிஷன் வருது. மின்னாசிரியரோட திறந்த பாடம். நீ வந்து பிள்ளைங்களுக்கு ரெண்டு நாள் ஒத்திகை பாத்துக் குடு. உன் பேச்சைத்தான் கேப்பாங்க."

வேலையை எடுத்துக்கொண்டு, குரலை எடுத்துக்கொண்டு, அதன் பொய்யையும் வந்து பழக்கிக் கொடு என்று கேட்க ஒரு துணிச்சல் வேண்டும். அது கேட்டவளுக்கே தெரியவில்லை என்பதுதான் கொடுமை.

"ஒத்திகை பாக்க மாட்டேன்," என்றாள் சினாரா. "ஆனா வருவேன்."

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே, புத்தகங்களை ஒதுக்கிவிட்டு, நூலகத்தில் கமிஷனுக்காக ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. அதன் வாசனை ஏழாம் வகுப்புவரை வந்தது. கமிஷன் தலைவர் ஒரோஸ்பெக், முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவர், முன்னால் தள்ளிய வயிறும் நல்ல சிரிப்பும் உள்ளவர். அவருக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு பிஷ்கெக்கிலிருந்து வந்த ஒரு கணினிக்காரப் பெண். சினாரா கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்தாள். பிள்ளைகள் அவளைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். பெகாயிம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தாள், ஆள் வந்துவிட்டாள் என்கிற நிம்மதியில்.

திரை பாடம் நடத்தியது. தன் குரலைத் தானே பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பது சினாராவுக்குப் பொறுக்கமுடியாததாக இருந்தது. அவள் என்றோ சொன்ன பூனை நகைச்சுவையைக்கூட அது சரியான இடத்தில் சொன்னது. ஒரோஸ்பெக் குலுங்கிச் சிரித்தார்.

"புரிஞ்சவங்க கை தூக்குங்க, என் தங்கங்களா!"

கைகள் உயர்ந்தன. சினாரா எண்ணினாள். வலது கை மூன்று. மற்ற இருபத்தெட்டும் இடது. கமிஷன் கைதட்டியது. உல்ஜான் திரும்பி அவளைப் பார்த்தாள், பார்வையிலேயே கையெடுத்துக் கும்பிடுவதுபோல.

இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தப் பிள்ளைகள் கோடைவரை இப்படியே கையைத் தூக்கிக்கொண்டு போய், ஒன்றும் தெரியாமல் எட்டாம் வகுப்பில் விழுவார்கள். சினாரா எழுந்துவிட்டாள்.

"இடது கை தூக்கினவங்க எல்லாம் கையைக் கீழ போடுங்க."

பிள்ளைகள் அவள் சொன்னதைக் கேட்டுப் பழகியவர்கள். கைகள் இறங்கின. மூன்று கைகள் மட்டும் மேலே நின்றன.

"இந்த மூணு பேருக்குத்தான் புரிஞ்சிருக்கு," என்றாள் சினாரா. "இடது கைன்னா தெரியலன்னு அர்த்தம். நான்தான் பழக்கினேன். முப்பது பாடமும் அப்படித்தான் எடுத்தது. என் சான்றை எடுத்துக்குங்க. பிள்ளைங்கள விட்டுடுங்க."

உல்ஜானின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரோஸ்பெக் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"இதைப் போயி இவ்ளோ பெரிய விஷயமா சொல்றியேம்மா! நாங்க மட்டும் எப்படித் தூக்கினோம்? நானும் இப்படித்தான் மெடல் வாங்கினேன்." கணினிக்காரப் பெண்ணிடம் திரும்பினார். "இத அதுக்குச் சொல்லிக் குடுத்துடலாமா?"

"சுலபம்தான் அகை," என்று, பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல்லோடு, அவள் தட்டச்சு செய்துகொண்டே சொன்னாள். "இடது கைன்னா புரியல. ஞாயித்துக்கிழமைக்குள்ள போட்டுடுவேன். ரொம்ப நன்றி எஜே, நல்ல குறிப்பு குடுத்தீங்க."

"பாத்தியா, தீந்துபோச்சு," என்றார் ஒரோஸ்பெக். "வாங்க, கறி ஆறிடப்போவுது."

எல்லோரும் எழுந்து போனார்கள். சினாரா தன் கையில் மிச்சமிருந்த ஒரே சொத்தான இடது கை ரகசியத்தையும் தானே எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாசலில் உல்ஜான் அவள் காதருகே வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"இருபத்தஞ்சு வருஷ சிநேகிதம். இப்படிக் கூட இருந்தே குழி பறிப்பன்னு நெனைக்கலடி."

சினாரா அவளைக் கடந்து வெளியே நடந்தாள்.

திங்கட்கிழமை மூன்றாவது பாடவேளையில் அவள் ஐந்தாம் வகுப்பின் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடைகூடம் வழியாக வந்தாள். ஏழாம் வகுப்புக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவளுடைய குரல், அவளுடைய கனிவோடு, ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அஸீசா, உனக்குப் புரியல. இடது கை தூக்கியிருக்க. மாரத், உனக்கும் புரியல. பெகாயிம், என் தங்கம், உனக்கு மொத பாடத்துலேருந்தே புரியல."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஒரு மேசை இழுபடும் சத்தம் கேட்டது. பெகாயிம் வெளியே வந்தாள். எதிரே நின்ற சினாராவைப் பார்த்ததும் நின்றாள். அவள் அழவில்லை. சினாரா ஆகஸ்டில் பாடவேளைப் பட்டியலைப் படித்துவிட்டு உல்ஜானைப் பார்த்த அதே பார்வை அந்தப் பிள்ளையின் கண்ணில் இருந்தது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களே எஜே."

சினாரா வாயைத் திறந்தாள். அதற்குள் அறைக்குள்ளிருந்து அவள் குரல் கூப்பிட்டது: "பெகாயிம், எங்க போற? வந்து உக்காரு, என் தங்கம்."

பெகாயிம் உள்ளே போகவில்லை. சினாராவிடமும் வரவில்லை. கோட்டுகூட எடுக்காமல் படியிறங்கி வெளி வாசலைப் பார்த்து நடந்தாள்.