இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு படிகள்

2024 ஜூன் பதினேழாம் தேதி காலை எட்டரை மணிக்கு லாசால் என்ற நகர்ப்பகுதியில் சிவநேசத்தின் வீட்டு பேஸ்மென்ட் இருபத்தையாயிரம் ஆண்டு கீழே இறங்கியது. பத்து ஆண்டுக்கு ஒரு படி. முன்பு இருந்தவை பன்னிரண்டே படிகள்.

அங்கே குடியிருந்த வெய் லான் பத்தரைக்குப் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வேட்டுக்காக வாய்மொழித் தேர்வில் நிற்க வேண்டியவள். ஆறு வருட உழைப்பு. ‘எங்களுடையது ஒரே பழைய நாகரிகம், அதனால் நாங்கள் ஒரே நாடு’ என்று சீனர்கள் சொல்வது பழைய எண்ணமே அல்ல. பேரரசு ஆட்டங்கண்ட காலத்தில், வெளியிலிருந்து வந்த கருத்தை ‘நாகரிகம்’ என்ற பழைய சொல்லுக்குள் ஊற்றி உண்டாக்கியது என்பது அவள் வாதம். அதை வாசித்த அவளுடைய தகப்பன், நான்ஜிங்கில் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர், நான்கு மாதம் மகளோடு கதைக்கவில்லை. அந்த அத்தியாயத்தை எடுக்கச் சொல்லத்தான் விமானம் ஏறி வந்திருந்தார்.

அவள் கீழே சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருக்க, மேலே குசினியில் சிவநேசம் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்; பெருமை பேச அது தாராளம். தகப்பன் ஐந்து விரலைக் காட்டி ஐயாயிரம் ஆண்டு என்றார். ஐந்நூறு படி கூடியது. அதோடு விட்டிருக்கலாம். சிவநேசத்துக்கு வாய் சும்மா இருக்குமா? எங்கட தமிழுக்கு இருபதாயிரம் என்றார்.

தீயணைப்புக்காரர் வந்து எட்டிப் பார்த்து பிரெஞ்சு வணக்கமாகப் பொன்ஜூர் சொன்னார்கள். நாலு நிமிடம் கழித்து வெய் லானின் பொன்ஜூர் மேலே வந்தது. தெருவே திரண்டுவிட்டது, ஒருவருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. மணி ஒன்பதைத் தாண்டியது.

தகப்பன் படிவாசலில் குந்தினார். முப்பத்தெட்டு வருடம் கரும்பலகையில் ஒரு பிழையான ஆண்டு எழுதாத மனிதர். சொல் பழையது, நீ சொல்லும் அர்த்தத்துக்கு நூற்றிருபது வயதுதான், அத்தியாயம் சரி என்று சீன மொழியில் கீழே பார்த்துக் கத்தினார். ஐந்நூறு படிகள் சடசடவென்று மறைந்தன. சனம் கைதட்டியது. மிச்சம் இரண்டாயிரம் அசையவில்லை. எல்லோரும் சிவநேசத்தைப் பார்த்தார்கள்.

“இஞ்சாருங்கோ, இருபதாயிரம் எண்டு ஆர் சொன்னது?” என்றாள் மனைவி பிரஷாந்தினி.

“வாட்ஸ்அப்பிலை வந்தது.”

“உங்களுக்குத் தெரியுமோ?”

“எனக்குத் தெரியாதப்பா.”

அந்த வார்த்தையை அவர் வாழ்நாளில் சொன்னது அதுவே முதல் தடவை. வீடு ஒருமுறை குலுங்கியது. அயன்பெட்டியும் கையுமாக வெய் லான் மேலே வந்தாள். தகப்பன் அழுதுகொண்டே மகளின் கொலரைச் சரிசெய்தார். சிவநேசம் அவளைக் காரில் ஏற்றிப் பத்து இருபத்தைந்துக்குப் பல்கலைக்கழக வாசலில் இறக்கினார். அத்தியாயம் முழுதாக இருந்தது. அவள் தேறினாள்.

தகப்பன் இப்போது ஞாயிறுதோறும் மகளோடு கதைக்கிறார். படிகள் பதின்மூன்று. மிஞ்சிய ஒன்று யாருடையது என்று அவரும் கேட்பதில்லை, சிவநேசமும் சொல்வதில்லை. புதிதாகக் குடிவருவோரிடம் மட்டும், “ஒரு படி கூட இருக்கு, பாத்து இறங்குங்கோ” என்கிறார்.