டி.சி. புத்தகத்தின் வெற்றுத் தாள்

வாட்ச்மேன் கேட்டைச் சாத்தியபோது எலியா குறுக்கே காலை வைத்தான். இரும்பு கணுக்காலில் இறங்கியது. முகம் கோணியதே தவிர அவன் காலை எடுக்கவில்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் அவன் மனைவி புஷ்பபாய் ஏழு மாத வயிற்றோடு பள்ளிக்குள் நுழைந்தாள்.

தொண்ணூற்றைந்து மார்ச், வெள்ளிக்கிழமை. திங்களன்று ஆசிரியர் பயிற்சித் தேர்வு. அவளுடைய ஹால் டிக்கெட் மேனேஜர் நேசமணியின் மேஜை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. இன்று அது கைக்கு வராவிட்டால் இரண்டு வருஷப் படிப்பும் போயிற்று.

கேரள எல்லைக்குள், குளத்தூர்ப் பக்கமிருந்த அந்தப் பயிற்சிப் பள்ளி ஓர் எய்டட் பள்ளி. கட்டடமும் நிலமும் நேசமணியுடையவை, ஆசிரியர்களை வேலைக்கு வைப்பதும் அவர்தான், மாதச் சம்பளம் மட்டும் சர்க்கார் கொடுக்கும். அப்படிக் கொடுப்பதால் கேள்வி கேட்கும் உரிமையும் சர்க்காருக்கு உண்டு. ஒரு மாணவியின் பெயரை வெட்டினால் கல்வி அலுவலகத்துக்குக் காரணம் எழுத வேண்டும். கர்ப்பம் என்று எழுதினால் அலுவலகம் ஏற்காது. மாணவியே விருப்பப்பட்டு டி.சி. வாங்கிப் போய்விட்டாள் என்றால் மட்டும் ஒருவரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

பிப்ரவரியில் ஒருநாள், பயிற்சிக்காகச் சின்னப் பிள்ளைகளுக்கு அவள் கழித்தல் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வகுப்புக்குள் நேசமணி வந்தார். "இந்த வயித்தோட பிள்ளையளு முன்னால நிக்க வெக்கமில்லியா?" என்று பிரம்பால் அவள் கையில் அடித்தார். சாக்பீஸ் தெறித்து விழுந்தது. வாட்ச்மேன் அவளைக் கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். அவள் புகார் எழுதினாள். ஜனவரி பத்தொன்பதாம் தேதியே டி.சி. வாங்கிப் போய்விட்டாள் என்று பள்ளி பதில் எழுதியது. அதை விசாரிக்கத்தான் அதிகாரி பிரேமகுமாரி இன்று வந்திருந்தார்.

ஆபீஸ் அறையில் நேசமணி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பெத்து முடிச்சிட்டு வா பிள்ளே. பரீட்சை எங்க ஓடியா போவுது?"

"உம்ம மருமவ நிறைமாசம் வரைக்கும் பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்தாளே," என்றான் எலியா. "அங்க உள்ள பிள்ளையளுக்குக் கண்ணு இல்லியா?"

"எலே, கொத்தனாரே, நாக்க அடக்கு!"

"ரெண்டுபேரும் மிண்டாதிங்க," என்று இருவர் வாயையும் அடக்கிய அதிகாரி கிளார்க் செல்லசாமியிடம் கையை நீட்டினார். "டி.சி. புக் எடும்."

டி.சி. புத்தகத்தின் ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு பாதி உண்டு. ஒரு பாதியைக் கிழித்து மாணவியிடம் கொடுப்பார்கள். மறுபாதி மாணவியின் கையெழுத்தோடு புத்தகத்திலேயே நிற்கும். தாள்களுக்கு வரிசை எண் இருப்பதால் பழைய தேதியில் புதிதாக ஒன்றை நுழைக்க முடியாது. ஆனால் காரியக்காரனான கிளார்க் அங்கங்கே ஒரு தாளை வெற்றாக விட்டு வைத்திருப்பான். என்றைக்காவது உதவும். செல்லசாமி அப்படிப்பட்டவர்.

முப்பத்தேழாம் தாளில் புஷ்பபாயின் பெயரும் அவள் போடாத அவள் கையெழுத்தும் இருந்தன. அவள் தேதியைப் பார்த்தாள்.

"மேடம், பத்தொம்பதாந்தேதி பந்தாக்கும்! கேரளம் முழுக்க பூட்டிக் கெடந்துது. இந்தக் கேட்டும் பூட்டித்தான் கெடந்துது."

அன்று எலியா அவளைச் சைக்கிளில் வைத்துக் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். உதியன்குளங்கரையில் பந்த்காரர்கள் சைக்கிளைக் கவிழ்த்து அவன் தலையில் கம்பால் போட்டார்கள். முதலில் அவனுக்கு ஐந்து தையல், பிறகு அவளுக்குப் பரிசோதனை. தேதி போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டை மேஜைமேல் வைத்தாள்.

அதிகாரி வருகைப் பதிவேட்டைத் திறந்தார். பத்தொன்பதின் கட்டத்தில் யாருக்கும் ஆஜர் இல்லை. மேலிருந்து கீழாகச் சிவப்பு மையில் 'பந்த்' என்று எழுதியிருந்தது.

செல்லசாமிக்கு வீடு களியக்காவிளையில், தமிழ்நாட்டுப் பக்கம். இங்கே பந்த் என்றால் அங்கே கடை திறந்திருக்கும், பஸ் ஓடும், மார்த்தாண்டம் சந்தையும் நடக்கும். தாளை எழுத உட்கார்ந்தபோது அவர் தன் வீட்டு நாட்காட்டியைப் பார்த்து, சிவப்பு எழுத்தில்லாத ஒரு நாளாகத் தேர்ந்தெடுத்திருந்தார். பந்தை எந்த நாட்காட்டியும் அச்சடிப்பதில்லை.

"காலண்டர்ல கறுப்பாத்தானே கெடந்துது சாரே," என்றார் பரிதாபமாக.

நேசமணி எழுந்து அறைந்த அறையில் செல்லசாமியின் கண்ணாடி சுவரில் போய் உடைந்தது. அடுத்து கோடு போடும் உருட்டுக்கட்டையை எடுத்து அவர் தோளில் இரண்டு போட்டார். பிறகு புத்தகத்தின்மேல் பாய்ந்தார்.

புஷ்பபாய் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். தாள் போனால் சாட்சியும் போகும். நேசமணி அவள் வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். உள்ளே ஏதோ சொடுக்கியது. அவர் கையைக் கடித்தாள். பல்லில் உப்பு ருசித்தது. அவர் உதறித் தள்ளியதில் இரும்பு அலமாரியில் விலா மோத அவள் தரையில் விழுந்தாள்.

எலியா கட்டையைப் பிடுங்கி நேசமணியின் காறையெலும்பில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வாட்ச்மேனும் நேசமணியின் டிரைவரும் ஓடிவந்து எலியாவைக் கீழே போட்டு மிதித்தார்கள். "நிறுத்துங்க! போலீசை விளிப்பேன்!" என்று அதிகாரி கத்தினார்.

தரையில் கிடந்தபடி புஷ்பபாய் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. வயிற்றுக்குள் ஓர் உருளல். அது போதும். அலமாரியைப் பிடித்து எழுந்தாள். காகிதத்தில் துளை போடும் கனத்த இரும்பு மெஷினை இடக்கையில் எடுத்து இழுப்பறைப் பூட்டில் அடித்தாள். நான்காவது அடியில் பலகை பிளந்தது.

"இதுல ஒப்பு போடணும் மேடம்," என்று ஹால் டிக்கெட்டை நீட்டினாள். "பள்ளி போடாது."

பள்ளி மறுத்தால் அதிகாரி கையெழுத்துப் போடலாம் என்று விதி உண்டு. பிரேமகுமாரி பேனாவைத் திறந்தார். கையெழுத்தைப் போட்டார். முப்பத்தேழாம் தாளோடு புத்தகத்தையும் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அத்துமீறி நுழைந்து எலும்பை உடைத்ததாக எலியாவைப் போலீஸ் பிடித்துப் போனது. நேசமணி ஆம்புலன்ஸில் போனார். அவர்மீது புஷ்பபாய் கொடுத்த புகாரைத் திங்கள்கிழமை பார்க்கலாம் என்றார்கள்.

சாயங்காலம் லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் எலியாவின் ஒரு கண் மூடிக் கிடந்தது.

"பிள்ளை அனங்குதா?"

"அனங்குது. இப்பமும் உருளுது. நான் திங்களாழ்ச்சை பரீட்சைக்குப் போவல்ல. ஜாமீனுக்கு ஆளு பாக்கணும்."

"எடி, ஜாமீனு செவ்வாயாழ்ச்சை எடுத்தாலும் நான் இங்கத்தான் உண்டு. எங்க ஓடப்போறேன்? பரீட்சை இருக்குமா?"

அவள் வலது மணிக்கட்டைக் காட்டினாள். பூசணிப்பிஞ்சு போல வீங்கியிருந்தது. விரல்கள் பாதிதான் மடங்கின.

எலியா தன் தோர்த்துத் துண்டைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தான். சாரம் கட்டுகிற கை அவனுடையது. கம்பிகளுக்கு நடுவே கை நீட்டி, கட்டைவிரல் அசைய இடம் விட்டு, சுற்றத் தொடங்கினான். அவள் பல்லைக் கடித்தாள்.

"நோவுதா?"

"இன்னும் இறுக்குங்க. மூணு மணிக்கூறு எழுதணும்."