தை மாதக் காற்றும் ஓர் ஒற்றைத் தும்மலும்

1.

இது கதையாகப் பிறக்கவே இல்லை. கண்டியில் சூழல் பொறியியல் படிப்பிக்கும் என் கூட்டாளி ஸ்ரீதரன் ஒருநாள் போன் எடுத்தான். "தொழிற்சாலைக் கட்டிடங்களும் வசதிகளும் எண்டு ஒரு பாடம் கிடக்கு. நான் வாயத் துறந்தாலே பிள்ளையள் நித்திரை. நீ கொஞ்சம் எழுதித் தாவன்." யாழ்ப்பாணத்துக்காரன், கெஞ்சினாலும் அதட்டுகிற மாதிரியே இருக்கும். சரி என்று உட்கார்ந்தேன்.

"தொழிற்சாலைக் கட்டிடம் என்பது சுவர், தரை, கூரை என்பனவற்றோடு காற்று, வெளிச்சம், தண்ணீர், கழிவு ஆகியன வந்துபோகும் வழிகளையும் உள்ளடக்கிய"

(இந்த இடத்தில் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. வரியை முடிக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

2.

அடுத்த தொடக்கம்: "கெலிஓயாவில் மிளகாய் அரைக்கிற மில் ஒன்று இருந்தது." பரவாயில்லை, இதில் மூக்குக்காவது வேலை இருக்கிறது.

மில் மஹ்மூத் நானாவுடையது. ஒரே இருட்டு, உள்ளே போனவர் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் வெளியே வருவார். அதை இடித்துப் புதிதாகக் கட்ட அவர் நினைத்த நேரம், பக்கத்து வீட்டு நிரோஷினி சூழல் பொறியியல் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"நானா, நான் வரைஞ்சு தரட்டுமா? எனக்கும் ஒரு அசைன்மென்ட் குடுக்கணும்" என்று கேட்டாள்.

"வரைங்க மகள். பக்கத்து ஊட்டுப் புள்ள வரைஞ்சா பரக்கத்துதானே, நல்லாப் பெருகும்" என்றார் அவர்.

அவள் வரைந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சூடு மேலேறிப் போக முகட்டில் திறப்பு. பகலில் லைட் போடத் தேவையில்லாதபடி கூரையில் கண்ணாடித் தகடு. வழுக்காத தரை, கழுவிய தண்ணீர் ஓட வடிகான், வேலை செய்யும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, எரியும் கண்ணைக் கழுவ ஒரு குழாய். தூசியை இழுத்து வெளியே தள்ள, வயல் பக்கச் சுவரில் பெரிய ஃபேன். வயல் பக்கம் ஏனென்றால், அவள் போய்ப் பார்த்த ஆடி மாதத்தில் காற்று அவள் வீட்டுப் பக்கமிருந்து வயலை நோக்கித்தான் வீசியது. ஒரு கம்பில் ரிப்பன் கட்டிப் பார்த்தே குறித்தாள். திருத்தியவன் ஸ்ரீதரன்தான். 'ஏ' போட்டான்.

(காற்று வருடம் முழுக்க ஒரே பக்கம் வீசாது என்பதை இப்போதே சொல்லிவிடவா, பிறகு சொல்லவா? ஐயோ, சொல்லிவிட்டேன்.)

3.

இவ்வளவையும் அனுப்பினேன். "கட்டிடம் வந்திட்டுது, சந்தோசம். கதை எங்க?" என்று ஸ்ரீதரன் பதில் போட்டான். இவனை என்ன செய்வது! ஆனாலும் கேள்வி நியாயமானது. இதுவரை இந்தக் கதையில் யாருக்கும் இழக்க எதுவும் இல்லை. ஆகவே நிரோஷினிக்கு ஓர் அக்காவைக் கொடுக்கிறேன்.

அக்கா பெயர் பிரேமிளா. கண்டியில் துணிக்கடையில் வேலை. தினமும் அவள் போகும் பஸ்ஸிலேயே வரும் ஜீவன் என்ற கிளார்க், சீட் பிடித்துக் கொடுத்துக் கொடுத்தே அவள் மனதையும் பிடித்துவிட்டான். நல்ல பிள்ளை. ஒரே சிக்கல் அவன் அம்மா ஜெயராணி. "அம்மா வேணாம்னா என்னால மீற ஏலாது பிரேமி" என்று முதலிலேயே சொல்லிவிட்டான். அதற்காக அவன்மேல் எனக்குக் கோபம். பிரேமிளாவுக்கு இல்லை, அதுதான் காதல் போல.

"ஜெயராணி ஒரு சகுனப் பைத்தியம். பூனை குறுக்கே போனால் பஸ்ஸையே"

(இந்த வரியையும் பாதியில் விட்டேன். அந்த அம்மாவைக் கேலிப் பொம்மையாக்க ஆரம்பித்ததும் என் பேனாவுக்கே கூச்சமாகிவிட்டது. ஏன் அப்படி ஆனார் என்று யோசித்தேன். ஒரு காலை, புருஷன் செருப்பு மாட்டும்போது ஜெயராணியே ஒற்றைத் தும்மல் தும்மினார். "கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்களேன்" என்றார். மனுஷன் சிரித்துக்கொண்டே போனார். பேராதனை ரோட்டில் லொறி அடித்துவிட்டது. இனி அவரை வில்லியாக்க என்னால் முடியாது.)

4.

மார்கழியில் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். தை பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை ஜீவன் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். வெள்ளி நல்ல நாள். அதைவிட முக்கியம், மஹ்மூத் நானாவின் மில் அன்றைக்கு மூடியிருக்கும், சத்தம் இருக்காது. நிரோஷினி வரைந்தபடி கட்டிய புது மில்லில் அந்த வாரந்தான் ஃபேனைப் பொருத்தி முடித்திருந்தார்கள். யாரும் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.

முன் ஹோலில் கதிரைகள் போட்டு, பிரேமிளாவின் அம்மா அன்னலட்சுமி கேசரி வைத்தார். ஜெயராணி பிரேமிளாவைப் பக்கத்தில் இருத்தி, "புள்ள லட்சணமாத்தான் இருக்கு. இவன் சொன்னது பொய்யில்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஜீவன் தரையைப் பார்த்துச் சிரித்தான். 'சரி' என்ற சொல் அந்த அம்மாவின் நாக்கு நுனியில் நின்றது. நிரோஷினிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்தது.

ஆனால் கண் எரிந்தது வேறு எதற்கோ.

ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த மஹ்மூத் நானா, மாப்பிள்ளை வீட்டாரை வெறுங்கையோடு அனுப்புவதா என்று, அவர்களுக்குக் கொடுக்கவே கொஞ்சம் காய்ந்த செத்தல் மிளகாயைப் போட்டு மில்லை ஓட்டியிருந்தார். ஹோலில் இருந்த பேச்சிலும் சிரிப்பிலும் அந்தச் சத்தம் யாருக்கும் உறைக்கவில்லை. அன்புதான், வேறென்ன? ஃபேன் தூசியை வயல் பக்கம் தள்ளியது. தை மாதக் காற்று அதை அப்படியே வாரி, மில்லின் கூரைக்கு மேலாகத் திருப்பி, அன்னலட்சுமி வீட்டு சன்னலுக்குள் கொண்டுவந்து கொட்டியது.

"ஹச்!"

தும்மியது ஜெயராணி. ஒரே ஒரு தும்மல்.

ஒற்றைத் தும்மல் தடை. அதே தும்மல் இரட்டையாக விழுந்தால் அதைப் போல நல்ல சகுனம் இல்லை. இது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அன்னலட்சுமி தனக்கு வந்த தும்மலை முந்தானையால் அமுக்கி விழுங்கினார். ஜெயராணியின் முகம் வெளுத்தது. பிரேமிளாவின் கையைப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது.

நிரோஷினி பின்வாசல் வழியாக ஓடினாள்.

5.

மில்லுக்குள் மஹ்மூத் நானா மட்டும்தான். "அல்ஹம்துலில்லாஹ்!"* என்று மூக்கைத் துடைத்தார். "என்ன மகள், பேயறஞ்ச மாதிரி ஈக்கிறீங்க?"

"நிப்பாட்டணும் நானா! காத்து மாறிப்போச்சு. தூசி முழுக்க எங்க வீட்டுக்குள்ள. நான் ஆடியில மட்டுந்தான் பாத்தேன், தையில பாக்கல. அந்தம்மா ஒத்தத் தும்மல் தும்மிட்டாங்க!"

"யா அல்லாஹ்! தும்மினா நல்லதுதானே புள்ள?"

"ஒன்னு கூடாது நானா. ரெண்டு விழுந்தாத்தான்..."

சொல்லிக்கொண்டே சுவிட்சில் கையை வைத்தவள் அப்படியே நின்றாள். மில் சன்னலுக்கு நேரே வீட்டு ஹோல் தெரிந்தது. ஜெயராணி எழுந்து நின்றிருந்தார். ஆனால் கிளம்பவில்லை. முகம் மேலே தூக்கியிருந்தது, கண் பாதி மூடியிருந்தது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இரண்டாவது, வருவேனா மாட்டேனா என்று மூக்கில் நின்றது.

* தும்மியதும் இறைவனைப் புகழ்வது முஸ்லிம்கள் வழக்கம். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் புகழ்ச்சி, அந்தப் பக்கம் பதைப்பு. தூசி என்னவோ ஒன்றுதான்.

6.

ஒரு முடிவு: நிரோஷினி நிறுத்துகிறாள். காற்று தெளிகிறது, தும்மல் ஒற்றையாகவே நின்றுவிடுகிறது, அக்கா பஸ்ஸில் இனி நின்றுகொண்டு போகிறாள். எழுதிப் பார்த்தேன், நெஞ்சு கேட்கவில்லை.

இன்னொரு முடிவு: ஓடவிடுகிறாள். ஸ்ரீதரன் போனில் கத்தினான். "விசர் கதை கதைக்காத! சூழல் எஞ்சினியர் ஒருத்தி தெரிஞ்சுகொண்டே தூசிய சனத்தின்ர மூக்குக்க விடுறதோ? நான் இத வகுப்பில வாசிக்கிறதோ?" கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "இன்னும் எவ்வளவு தூள் கிடக்காம் மில்லுக்க?" என்று கேட்டான்.

அவனாலும் முடியவில்லை பாருங்கள்.

மஹ்மூத் நானா மிச்ச மிளகாயைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு கேட்கிறார்: "கெதியா செல்லுங்க மகள். நிப்பாட்டவா, போடவா?"

நிரோஷினி என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன். அங்கே அந்த அம்மாவின் மூக்கு இன்னும் மேலேதான் இருக்கிறது, பிரேமிளா மூச்சே விடவில்லை. யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை, சொல்லுங்கள்.